தில்லியிலிருக்கும் 57 பேருக்கு

மதிப்புக்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18. தமிழ்நாடு தில்லிக்கு அனுப்பியிருக்கும் உங்கள் எண்ணிக்கை இது. பெண்கள் பாதுகாப்பைப் பற்றி மேடையில் பேசாதவர் உங்களில் ஒருவரும் இருக்க முடியாது. இந்த மடல் கேட்பது மேடை தேவைப்படாத, கொஞ்சம் சலிப்பூட்டக்கூடிய ஒரு வேலை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு 66-இ, 67, 67-ஏ ஆகிய மூன்று பிரிவுகளை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமில்லாமல் இணையத்தில் பரப்புகிறவர் மீது இந்த நாட்டில் வழக்குப் போட, காவல்துறை முதலில் கை வைப்பது இந்த மூன்றில்தான்.

66-இ, 67-ஏ இரண்டும் 2008 திருத்தத்தில் சேர்ந்தவை. அந்த டிசம்பரில் விவாதம் ஏதுமின்றி இரு அவைகளிலும் நிறைவேறி, 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது அந்தத் திருத்தம். மசோதா நிறைவேறிய நாளில் வாட்ஸ்அப் பிறக்கவே இல்லை.

66-இ சொல்வது இது: ஒருவரின் ‘அந்தரங்கப் பகுதி’யை அவர் சம்மதமின்றிப் படம் பிடித்தாலோ, வெளியிட்டாலோ, அனுப்பினாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சம்மதம் என்ற சொல் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். பிரிவின் அடியில் விளக்கங்கள் இருக்கின்றன, சிக்கல் அங்கேதான். அந்தரங்கப் பகுதி என்றால் எந்தெந்த உறுப்புகள் என்று ஒரு பட்டியல். அந்தரங்கத்தை மீறும் சூழல் என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறை: யாரும் படம் பிடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒருவர் ஆடை களையக்கூடிய சூழல், அல்லது தன் அந்தரங்கப் பகுதி பிறர் பார்வையில் படாது என்று அவர் நம்பக்கூடிய சூழல். துணிக்கடையின் உடை மாற்றும் அறையில் ஒளிந்திருக்கும் கேமராவை மனதில் வைத்து எழுதியது போலவே இருக்கிறது. அந்தக் கேமராவுக்கு இது நல்ல சட்டம்தான்.

இப்போது வேறு மூன்று படங்களை இந்தப் பிரிவோடு பொருத்திப் பாருங்கள். ஒரு பெண் தானே எடுத்து, தான் நம்பிய ஒருவனுக்கு மட்டும் அனுப்பிய செல்ஃபி. எடுக்கும்போது ரகசியக் கேமரா பயம் எங்கிருந்து வரும், கேமரா அவள் கையில் இருந்தது. அடுத்தது, விடுதி அறையில் போர்வைக்குள் இருவர் முத்தமிடும் வீடியோ. பட்டியலில் உள்ள எந்த உறுப்பும் தெரியவில்லை. ஆனால் அது ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால் அந்தப் பெண்ணின் கல்யாணம் நிற்கும், படிப்பு நிற்கும். மூன்றாவது, முகம் அவளுடையது, உடல் வேறு யாருடையதோ. மார்ஃபிங் செய்யப்பட்ட இந்தப் படத்தில் இருப்பது ‘அவருடைய’ அந்தரங்கப் பகுதியா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் அதற்கு நேரான பதில் இந்தப் பிரிவில் கிடையாது. காவல் நிலையங்களுக்கு இன்று வரும் புகார்களில் இந்த மூன்று வகையும் உண்டு.

அதனால்தான் விசாரணை அதிகாரி 67-க்கும் 67-ஏ-வுக்கும் தாவுகிறார். அவை ஆபாசத்தைத் தண்டிக்கும் பிரிவுகள். 67-ஏ-யில் 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். ஜாமீனும் எளிதில் கிடைக்காது. போலீசுக்குப் பிடித்த பிரிவு. ஆனால் சம்மதம் என்ற பேச்சே அதில் இல்லை. வெளிப்படையான பாலியல் செயலைக் காட்டும் எதையும் மின்னணு வடிவில் ‘அனுப்புவது’ குற்றம், அவ்வளவுதான். எழுத்துக்கு எழுத்து வாசித்தால், காதலனுக்குத் தன் வீடியோவை அனுப்பிய பெண்ணும் அனுப்பியவர்தான். புகார் கொடுக்கப் போகும் பெண்ணிடம் “நீங்களும்தானே அனுப்பியிருக்கீங்க, யோசிச்சுக்கோங்க” என்று ஒரு காவலர் சொன்னால், அவர் மிரட்டுகிறார் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவருக்குப் பின்னால் பிரிவு நிற்கிறது. மானபங்கம் செய்தவனையும் செய்யப்பட்டவரையும் ஒரே கூண்டில் ஏற்ற இடம் தரும் ஒரு வாசகத்தை 2009 முதல் நாடாளுமன்றம் அப்படியே வைத்திருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் ஒரு நல்ல வாசகமும் நம் சட்டப் புத்தகத்தில் உண்டு. பெண்களுக்கு எதிரான குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழுவுக்குப் பிறகு 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354-சி வந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77. அதன் இரண்டாவது விளக்கம், படம் எடுக்கச் சம்மதித்தவர் அதைப் பரப்பச் சம்மதித்ததாகாது என்று தெளிவாகவே சொல்கிறது. இந்த ஒரு வரிதான் முழுச் சட்டத்துக்கும் முதுகெலும்பாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவு ஒளிந்திருந்து பார்த்தல் என்ற தலைப்பின் கீழ் ஒடுங்கிக் கிடக்கிறது. பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால் மட்டும் பொருந்தும். நிஜமாக நடந்த ஒரு செயலைப் பிடித்த படமாக இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு செய்த போலி வீடியோவுக்கு அங்கே இடமில்லை.

இப்படி ஓட்டை விழுந்த சட்டங்களை வைத்துக்கொண்டும் ஒரு வழக்கு ஜெயித்திருக்கிறது. மேற்கு வங்கத்தில் கிழக்கு மேதினிபூர் மாவட்டம், தம்லுக் நீதிமன்றம், 2018 மார்ச். முன்னாள் காதலியின் படங்களை ஆபாசத் தளத்தில் ஏற்றிய ஒரு கல்லூரி மாணவனுக்கு 5 ஆண்டு சிறை. குற்றம் பதிவாகி எட்டு மாதத்துக்குள் தீர்ப்பு. பழிவாங்கப் பரப்பும் அந்தரங்கப் படங்களுக்காக இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. நீதிபதி அந்தப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு இணையாகக் கருதி இழப்பீடு தரச் சொன்னார். ஆனால் தீர்ப்பில் எத்தனை பிரிவுகளைக் கோர்க்க வேண்டியிருந்தது தெரியுமா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலிருந்து மட்டும் 66-சி, 66-இ, 67, 67-ஏ என நான்கு. தண்டனைச் சட்டத்திலிருந்து இன்னும் சில. அடையாளத் திருட்டு ஒரு மூலையில், ஆபாசம் ஒரு மூலையில், பெண்ணின் நாணத்தை இழிவுபடுத்தியது வேறொரு மூலையில். அக்கறையுள்ள ஒரு அரசு வழக்கறிஞரும் நீதிபதியும் வாய்த்தால்தான் இந்த ஒட்டுப்போட்ட துணி தாங்கும்.

பெண்கள் என்றே சொல்லிக்கொண்டு போனால் பாதிக் கதை விட்டுப்போகும். முகம் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து இரவில் வரும் வாட்ஸ்அப் வீடியோ கால், எடுத்த சில நொடிகளில் ஸ்கிரீன் ரெக்கார்டு, மறுநாள் “சி.பி.ஐ.யிலிருந்து பேசுகிறோம்” என்று ஒரு குரல். இதில் மாட்டிப் பணம் கட்டுபவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் உண்டு, முதலாமாண்டு மாணவர்களும் உண்டு. லோன் ஆப் கதை இதைவிடக் கொடுமை. ஐயாயிரம் ரூபாய் கடனுக்காக ஆப்பை இறக்கும்போதே தொடர்பு எண்கள், கேலரி எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கிக்கொள்கிறார்கள். தவணை ஒரு நாள் தாண்டினால் கடன் வாங்கியவரின் முகத்தை நிர்வாண உடலில் ஒட்டி மாமனார், மேலாளர், பிள்ளையின் டீச்சர் என்று போனில் உள்ள எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். ரிசர்வ் வங்கி 2022இல் டிஜிட்டல் கடனுக்கு நெறிமுறை கொண்டுவந்து, போனின் தொடர்புப் பட்டியலில் ஆப்கள் கை வைக்கக்கூடாது என்றது. நல்லது. ஆனால் அந்தப் படத்தை அனுப்பியவர் செய்தது என்ன குற்றம்? ஆண் என்றால் 77 கிடையாது. மார்ஃபிங் என்றால் 66-இ சந்தேகம். பணப்பறிப்பு என்று பதியலாம். ஆனால் பணம் போனது அந்த மனிதரின் துயரத்தில் சிறிய பங்கு.

அடுத்து, பெயர். தமிழ்நாட்டுக்கு இது தனிப்பட்ட கணக்கு.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று நியாய சன்ஹிதாவின் 72 சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு 64 முதல் 71 வரையிலான குற்றங்களுக்கு மட்டும். 77 அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் மூன்று பிரிவுகளும் அப்படியே. இணையத்தில் உடல் அம்பலமானவரின் பெயரையும் அம்பலமாக்கினால் 72 வாய் திறக்காது.

2019இல் பொள்ளாச்சியில் பெண்களை வீடியோ எடுத்து மிரட்டிய கும்பல் பிடிபட்டபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே பேட்டியில் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஐந்து ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில், அண்ணா பல்கலைக்கழக மாணவி மீதான பாலியல் வன்கொடுமை வழக்கின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. மறுபடி உயர் நீதிமன்றம், மறுபடி 25 லட்சம். அந்த இரண்டு வழக்குகளிலும் தண்டனை கடுமையாகவே வந்தது: பொள்ளாச்சியில் 9 பேருக்கும் 2025 மே மாதம் சாகும்வரை சிறை, அண்ணா பல்கலைக்கழக வழக்கில் ஜூனில், குறைந்தது 30 ஆண்டு. தண்டனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புகார் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் காதில் முதலில் விழுவது தண்டனைக் காலமா, பெயர் வெளியே வந்த செய்தியா?

எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும், பாலியல் குற்றங்கள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது. ஏற்றாமல் விடும் முடிவை டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி எடுக்க வேண்டும். வெறும் 67-ஐப் போட்டுப் பதிந்த ஒரு வழக்கு பாலியல் குற்றமா, இணையக் குற்றமா? ஒவ்வொரு முறையும் ஓர் அதிகாரியின் நிதானத்தை நம்பியிருப்பதற்குப் பதில் சட்டத்திலேயே ஒரு வரி எழுதிவிடலாம்.

2025இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்த வழக்கை நீங்கள் நாளிதழில் பார்த்திருப்பீர்கள். மனுதாரர் ஒரு பெண் வழக்கறிஞர். கல்லூரிக் காலத்துத் துணைவர் அவருக்குத் தெரியாமல் எடுத்த வீடியோக்கள் பல தளங்களில் பரவிக் கிடந்தன. போலீசில் புகார், ஒன்றிய அமைச்சகத்தில் மனு, எதற்கும் அசைவில்லாததால் ரிட். 48 மணி நேரத்தில் அகற்ற வேண்டும் என்று ஜூலையில் நீதிபதி உத்தரவிட்டார். அகற்றியவை வேறு முகவரிகளில் மறுபடி முளைத்தன. அடையாளம் காட்டச் சொல்லி, ஆண் காவலர்கள் ஏழு பேர் இருக்க அந்த வீடியோ ஓடவிடப்பட்டதாக நீதிமன்றத்தில் முறையிடப்பட்டது. எஃப்.ஐ.ஆரில் இருந்த அவர் பெயரை நீக்கும்படியும் நீதிபதி சொல்ல வேண்டியிருந்தது. இத்தகைய படங்களை அகற்றுவதற்கான நடைமுறை ஒன்றை எழுதித் தரும்படி அமைச்சகத்தை நீதிமன்றம் கேட்க, நவம்பரில் அது வந்தது: புகார் கிடைத்த 24 மணி நேரத்தில் நீக்கம், ஒருமுறை நீக்கிய படத்தின் டிஜிட்டல் கைரேகையைச் சேமித்து மீண்டும் ஏற்றாமல் தடுப்பது, புகார் தர, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள்.

24 மணி நேரம் என்ற கெடு அப்போதே புதிதில்லை. 2021 இணைய இடைத்தரகர் விதிகளிலேயே இருந்தது, மார்ஃபிங் படங்களையும் சேர்த்து. ஏட்டில் நான்கு ஆண்டாக இருந்த விதியை நடக்க வைக்க ஒரு வழக்கறிஞர் தன் சொந்த அவமானத்தை உயர் நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. குமாரபாளையத்துத் தறித் தொழிலாளியின் மகள் ரிட் போடுவது எப்போது?

காவல் நிலையத்து மேசைக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆவது பிரிவுப்படி இந்தக் குற்றங்களை இன்ஸ்பெக்டருக்குக் குறைந்தவர் விசாரிக்கக்கூடாது. எனவே உள்ளூர் ஸ்டேஷனில் எஸ்.ஐ. மட்டும் இருந்தால் “சைபர் க்ரைமுக்குப் போயிடுங்க, இது நம்ம லிமிட் இல்ல” என்பதே முதல் பதில். மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறினால் அங்கே “லிங்க் எல்லாம் வரிசையா எழுதிட்டு வாங்க, ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் போட்டுட்டு வாங்க.” பிரிண்ட் எங்கே போடுவது? தெருமுனை ஜெராக்ஸ் கடையில், பென் டிரைவைக் கடைக்காரர் கையில் கொடுத்துத்தான். தன் படத்தைத் தானே தேடி, தானே அச்சிட்டு, தானே கொண்டுவந்து மேசையில் வைக்கச் சொல்வது ஒரு விசாரணை முறையாக நடந்துகொண்டிருக்கிறது. போதாததற்கு, மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ் வேறு. படம் முதலில் எந்த போனில் எடுக்கப்பட்டதோ அது பெரும்பாலும் குற்றவாளியின் பையில் இருக்கிறது.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் கதை நமக்கு அதிகம் பயன்படும், ஏனென்றால் அவர்கள் முதலில் தவறாக எழுதிப் பிறகு திருத்தினார்கள். 2015இல் அங்கே வந்த சட்டம், படத்தைப் பரப்பியவருக்கு ‘துன்பம் விளைவிக்கும் நோக்கம்’ இருந்ததாக நிரூபிக்கச் சொன்னது. சிரிப்புக்கு அனுப்பினேன், நண்பர்களிடம் பெருமையடிக்க அனுப்பினேன், காசுக்கு விற்றேன் என்றவர்கள் எல்லாம் நழுவினார்கள். சட்ட ஆணையம் 2022இல் இதை அலசி அறிக்கை கொடுத்தது. 2023 இணையப் பாதுகாப்புச் சட்டம் அடுக்கை மாற்றியது. சம்மதமின்றிப் பகிர்ந்தாலே அடிப்படைக் குற்றம், ஆறு மாதம் வரை. துன்புறுத்தும் நோக்கமோ பாலியல் இன்ப நோக்கமோ இருந்தால் இரண்டு ஆண்டு வரை. பகிர்வேன் என்று மிரட்டினாலும் குற்றம். கணினியில் செய்த போலிப் படமும் இதில் அடக்கம். நோக்கத்தைத் தேடிக் களைத்துப்போகாமல் சம்மதம் இருந்ததா என்ற ஒரே கேள்வியில் வழக்கு நிற்கிறது.

பிலிப்பைன்ஸ் இன்னும் முன்னோடி. 2009-ஆம் ஆண்டைப் பெயரில் தாங்கிய அவர்கள் சட்டம், பதிவு செய்யச் சம்மதித்திருந்தாலும் பகிர எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும் என்கிறது. மீறினால் 3 முதல் 7 ஆண்டு. அமெரிக்காவில் 2025 மே மாதம் கையெழுத்தான சட்டம் தளங்களுக்கு 48 மணி நேரக் கெடு விதித்தது. எதிலும் ஒத்துப்போகாத அவர்கள் பிரதிநிதிகள் சபையில் அதற்கு 409 ஓட்டு ஆதரவு, 2 எதிர்ப்பு. தென்கொரியா, டெலிகிராம் குழுக்களில் பெண்களையும் சிறுமிகளையும் அடிமைப்படுத்திய ‘என்-ஆவது அறை’ கொடூரத்துக்குப் பிறகு, 2020இல் இப்படிச் சட்டவிரோதமாக எடுத்த படங்களை வைத்திருப்பதையும் பார்ப்பதையும்கூடக் குற்றமாக்கியது. அதற்கும் முன்பே, 2018இல், பாதிக்கப்பட்டவருக்காகப் படங்களைத் தேடித் தேடி அழித்துத் தரும் அரசு மையம் ஒன்றைத் தொடங்கிவிட்டது. வேலையே அழிப்பதுதான் என்றிருக்கும் சம்பளக்கார ஊழியர்கள். இங்கே அந்த வேலையைப் பாதிக்கப்பட்டவரின் தம்பி ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்கிறான்.

பார்ப்பதையும் குற்றமாக்குவது இந்தியாவுக்குச் சரிவருமா என்பதில் தயக்கம் வேண்டும். நம் போலீஸ் கையில் அது எப்படிப் புழங்கும் என்பதற்கு 66-ஏ சாட்சி. முகநூல் பதிவுக்காகப் பிள்ளைகளைக் கைது செய்ய உதவிய அந்தப் பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. செத்த பிரிவில் அதற்குப் பிறகும் வழக்குகள் பதியப்படுவதைக் கேட்டு 2021இல் அதே நீதிமன்றம் அதிர்ந்துபோனது. ஆகவே புதிய சட்டம் குறுகலாக, கூர்மையாக இருக்க வேண்டும். படத்தில் இருப்பவர் தன் படத்தைத் தானே பகிர்ந்தது எந்தப் பிரிவிலும் குற்றமாகக் கூடாது, 67-ஏ உட்பட. ஆண், பெண், திருநர் யாராயினும் பாதுகாப்பு ஒன்றே. மார்ஃபிங்கும் டீப்ஃபேக்கும் உள்ளே வர வேண்டும். மிரட்டலும் வர வேண்டும். 72-ஆவது பிரிவின் வேலி இவர்களையும் சுற்றி நீள வேண்டும். பதின்வயதினர் இருவர் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டதற்காக அவர்களையே குற்றவாளியாக்கும் வழியை அடைக்க வேண்டும். ஆண்டுக் கணக்கைக் கூட்டுவது கடைசி வேலை. தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் மசோதாக்களை நிறைவேற்றிவிட்டது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உங்கள் அவைகளின் சொத்து.

தனிநபர் மசோதாவால் என்ன ஆகிவிடும் என்று உங்களில் சிலர் புன்னகைக்கலாம். சுதந்திர இந்தியாவில் அப்படிச் சட்டமானவை 14. கடைசியாக நடந்தது 1970இல். வெள்ளிக்கிழமைப் பிற்பகல், பாதிப் பேர் விமான நிலையம் போய்விட்ட அவையில் நடக்கும் சடங்கு என்ற பெயர் அதற்கு உண்டு. ஆனால் 2015 ஏப்ரல் 24 அன்று, அப்படியொரு வெள்ளிக்கிழமையில்தான் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா. மக்களவையைத் தாண்டவில்லை, ஆனாலும் அரசு தானாக ஒரு சட்டம் கொண்டுவர வேண்டிய நெருக்கடியை அது உண்டாக்கியது. 2019இல் வந்த அந்தச் சட்டம் சிவாவின் மசோதாவைவிட மெலிந்தது என்று திருநர் அமைப்புகள் குறைபட்டது வேறு கதை. தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவர் பிடிவாதமாக இருந்தால் தில்லி காது கொடுக்கும் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

மசோதா கொண்டுவர ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியமும் இருக்கிறது. மக்களவை உறுப்பினர்களே, மாவட்டங்களில் ‘திஷா’ கண்காணிப்புக் குழுவுக்கு நீங்கள்தான் தலைமை வகிக்கிறீர்கள். ஒன்றிய அரசுத் திட்டங்களின் கணக்கு அங்கே வருகிறது. ஒருங்கிணைந்த சேவை மையமும் ஒன்றியத் திட்டம்தான். இந்த மாவட்டத்து மையத்தில் அந்தரங்கப் படப் புகாரைப் பதிந்து தளங்களுக்கு அனுப்பத் தெரிந்த ஊழியர் யார், அவருக்குக் கணினியும் இணைய இணைப்பும் தனியறையும் இருக்கிறதா, நவம்பர் நடைமுறையின் தமிழ்ப் பிரதி அவர் கைக்கு வந்ததா, சைபர் க்ரைம் பிரிவில் இத்தகைய வீடியோவைப் பார்த்து விசாரிக்கப் பெண் இன்ஸ்பெக்டர் உண்டா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பதிலை நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.